கர்லூ மேட்டுச் சங்கிலி

கர்லூ மேடு, விக்டோரியா
12 செப்டம்பர் 1994

அன்புள்ள கேப்டன்,

அப்படி அழைக்கக் கூடாது என்று கடைசியாகச் சொன்னீர்கள். கடைசியாக என்றால் எட்டு வருடத்துக்கு முன்பு, அதுவும் வக்கீல் கடிதத்தில். நாக்கு பழகிவிட்டது, கையும் அப்படியே எழுதுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும்.

தீ தாண்டாமலிருக்கவும் வண்டி போகவும் உங்கள் நிலத்தின் வழியாக வெட்டிய தீத்தடத்தை எட்டு வருடமாக யாரும் தொடவில்லை. நீங்கள் கேட்டைப் பூட்டிவிட்டு டாஸ்மேனியா போனபின் வாட்டில் மரங்கள் அதைத் தங்கள் தெருவாக்கிக்கொண்டன. இப்போது பூத்திருக்கின்றன. காலையில் பள்ளிப் பேருந்தை மேட்டில் திருப்பும்போது பார்க்கிறேன்: மேட்டின் முதுகில் ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு மஞ்சள் ஆறு படுத்திருக்கிறது. பிப்ரவரிக் கோடையில் அது எப்படி எரியும் என்று நினைக்காதவர்களுக்கு அழகுதான்.

தடத்துக்கு மேற்கே காடு. கிழக்கே நீங்கள் போகும்போது மேய்ச்சல் நிலமாக இருந்ததே, அங்கே இப்போது விண்டன் வேல் என்று ஒரு குடியிருப்பு. முந்நூற்று நாற்பது வீடுகள். போன சனிக்கிழமை அங்கே எங்கள் தீயணைப்புப் படை சாசேஜ் சுட்டு விற்று, கூடவே தீ பற்றிய துண்டறிக்கையும் கொடுத்தது. மோர்லாண்ட் என்று ஒருவர், வெள்ளைக் கால்சட்டை, வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தீயா? எங்க வீட்டுப் பின்னாடி நீச்சல் குளம் இருக்கும்மா."

"அப்ப தீ வந்தா வீட்டைத் தூக்கிக் குளத்துல போட்ருவீங்களா சார்?" என்றேன். சாசேஜ் வாங்காமல் போய்விட்டார்.

ஆபத்து நாளில் உங்கள் பூட்டை வெட்டித் திறக்கச் சட்டம் எனக்கு உரிமை தருகிறது. ஆனால் உள்ளே வண்டி போக வழி இல்லாத தடத்தைத் திறந்து என்ன செய்ய? கோடைக்கு முன்பே கிரேடரை விட்டு மண் தெரிய வழித்துப்போட வேண்டும். அதற்கு நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் போட்டால் போதும்.

வெர்னா ட்ரெலோர்


பெங்குவின், டாஸ்மேனியா
25 செப்டம்பர் 1994

திருமதி ட்ரெலோர் அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. கையெழுத்திடுவதாக இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குப் படிப்படியாக எழுதாவிட்டால் மதிப்பெண் போட மனம் வராது.

அந்த கேட்டின் சங்கிலியில் நான்கு பூட்டுகள் இருந்தன. தீயணைப்புப் படையின் சிவப்புப் பூட்டு, தண்ணீர்த் துறையின் பூட்டு, மின்கம்பிக்காரர்களின் பூட்டு, என்னுடைய பித்தளைப் பூட்டு. ஒன்றின் வளையத்துக்குள் அடுத்தது கோத்து, நான்கும் சங்கிலியின் கண்ணிகளாகவே தொங்கும். யார் தன் பூட்டைத் திறந்தாலும் கேட் திறக்கும். இந்த நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஏற்பாடு.

1986 ஜனவரி 14. நான் மேற்குச் சரிவில் மூன்று வண்டிகளோடு இருந்தேன். தீ மேட்டுக்குத் திரும்புகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்து நான் போக முடியாததால் ரேடியோவில் உங்களை அனுப்பினேன். நீங்கள் என் துணைக் கேப்டன். கேட்டுக்கு உள்ளே, என் வீட்டில் லோர்னா தனியாக இருந்தாள். உங்களிடம் வண்டி இருந்தது, மூவாயிரம் லிட்டர் தண்ணீர் இருந்தது, படையின் சாவி இருந்தது. நீங்கள் கேட்டில் இருபத்திரண்டு நிமிடம் நின்றீர்கள். பிறகு வேறொரு வண்டியிலிருந்து இரும்பு வெட்டும் கத்தரி வரவழைத்துச் சங்கிலியை வெட்டி உள்ளே போனபோது வீடு இல்லை. என் மனைவி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு குட்டையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள். நான் வந்து சேர்ந்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"யாரும் வரல, டெஸ்."

அந்தக் குளிர்காலத்தில் அவள் மேற்கே ஆல்பனிக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை.

தீக்குப் பிந்தைய படைக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து "பூட்டு திறக்கல" என்றீர்கள். இரண்டே சொல். பயந்துபோய் நின்றேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பத்தொன்பது பேர் உங்களுக்குக் கை தூக்கினார்கள், நான்கு பேர் எனக்கு. அந்த நால்வரில் ஒருவர் செவிடு.

வெட்டிய சங்கிலி நான்கு பூட்டுகளோடு என்னிடம் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில். அன்றிலிருந்து திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

டெ. கார்மொடி


கர்லூ மேடு
12 அக்டோபர் 1994

அன்புள்ள கேப்டன்,

உங்கள் கடிதத்தை வண்டிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். பழைய விஷயத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அன்றைக்குச் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. சங்கிலியை எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்பது நல்லதுதான். வைத்திருங்கள்.

நேற்று வேலி தாண்டி உங்கள் நிலத்துக்குள் போனேன். அத்துமீறல்தான், வக்கீலிடம் சொல்லலாம். உங்கள் வீட்டுப் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அதன் அடுப்பில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. லோர்னா வைத்த சீமை மாதுளை மரம், எரிந்த பக்கம் எரிந்தபடியே இருக்க, மறு பக்கத்தில் பூத்திருக்கிறது. குட்டையில் தண்ணீர் நிரம்பி, வானம் அசையாமல் கிடந்தது. அங்கே நேரம் வேறு மாதிரிப் போகிறது. கொஞ்ச நேரம் நின்றேன் என்றுதான் நினைத்தேன். திரும்பும்போது நிழல் இடம் மாறியிருந்தது, பள்ளி விடும் மணி தவறிவிட்டது. பேருந்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் கேட்டார்கள்: "எங்க போயிட்டீங்க வெர்னா, தூங்கிட்டீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் எனக்குப் பலகையில் வரைந்து காட்டியதையே உங்களுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. வடக்கிலிருந்து வெப்பக்காற்று அடிக்கும் நாளில் தீ தெற்கே நாக்கு நீட்டி ஓடும். நீளமாக, ஒல்லியாக. விண்டன் வேல்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, நம்மைத் தாண்டிப் போகிறது என்று பெருமூச்சு விடுவார்கள். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். எல்லோரும் நாள் முழுதும் காத்திருந்த காற்று. அது வந்த நொடியில், அந்த நாக்கின் முழு நீளமும் முகமாக மாறிக் கிழக்கே திரும்பும். அதற்குள் நாம் தடத்தில் நின்று, தடத்துக்கும் தீக்கும் நடுவே உள்ளதை நாமே எரித்துக் கருக்கியிருக்க வேண்டும். "காத்து மாறின பிறகு வண்டியைக் கிளப்புறவன் தீயணைப்புக்காரன் இல்ல, பார்வையாளன்." இது உங்கள் வாக்கியம்.

என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் பங்கு வைக்கும் அளவுக்குப் பெரியதா?

வெர்னா


பெங்குவின்
30 அக்டோபர் 1994

திருமதி ட்ரெலோர் அவர்களுக்கு,

என் வாக்கியத்தை என்னிடமே திருப்பி அனுப்பியதற்கு நன்றி. தபால் செலவாவது உங்களுடையது.

என் கோபத்தின் அளவு கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். இந்த ஊரில் பனி கடலிலிருந்து எழுந்து, என் ஜன்னல் வரை வந்து, கதவு தட்டாமல் நிற்கும். விடியும் நேரத்தில் அரைத் தூக்கத்தில் அது புகையாகிவிடும். நான் அந்த கேட்டுக்கு முன்னால் நிற்பேன். பூட்டுகள் நான்கில்லை, நாற்பது, நானூறு, சங்கிலி மேட்டின் முதுகு முழுக்க ஓடும். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே நடப்பேன். ஒவ்வொன்றும் திறக்கும். கேட் மட்டும் திறக்காது. தூரத்தில் குட்டையிலிருந்து லோர்னா என்னைப் பார்ப்பாள், கோபமே இல்லாமல், யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல. விழித்தால் நாக்கில் சாம்பல் ருசி இருக்கும். ஒன்பது வருடம், வாரத்துக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் விடப்போவதில்லை என்று தெரிகிறது. நானும் விடப்போவதில்லை. அந்தச் சங்கிலியை வெளியே எடுத்து, நான்கு பூட்டுகளும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அளவெடுத்துப் படம் வரையப்போகிறேன். சாவியைப் போட்டால் திறந்திருக்கும் என்பதை அந்தப் படம் காட்டும். அதை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவேன். அதன்பின் உங்கள் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி திருமதி பெட்டிஃபர் டப்பாவைப் பார்த்துவிட்டாள். "பிஸ்கட்டா டெஸ்மண்ட்? வாசமே இல்லையே?" என்றாள். "பழசு," என்றேன். "பழச ஏன்யா வச்சிருக்கீங்க? புழு வைக்கும், தூக்கிப் போடுங்க."

டெ. கார்மொடி


பெங்குவின்
21 நவம்பர் 1994

திருமதி ட்ரெலோர் அவர்களுக்கு,

படிவம் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். கேட்டில் இப்போது தொங்கும் பூட்டின் சாவியும் உறையில் இருக்கிறது.

படம் வரைந்துவிட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை. காரணம் கேட்க வேண்டாம்.

தடத்தை வழியுங்கள்.

டெ. கா.


கர்லூ மேடு
18 ஜனவரி 1995

அன்புள்ள கேப்டன்,

காரணம் கேட்கவில்லை. வேலை எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் தேதி தொடங்கினோம். கிரேடர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கிறது. நார்ம் ஓட்டுகிறார். எழுபத்தோரு வயது, இடது காது கேட்காது. உங்களுக்குக் கை தூக்கிய அதே நார்ம்தான். ஒரு நாளைக்கு முந்நூறு மீட்டர் வழிக்கிறார். வெயில் ஏறிக் காற்று கூடும் நாட்களில் இயந்திரம் ஓடக் கூடாது என்று தடை. அதன் இரும்புப் பல் கல்லில் பட்டால் பொறி பறக்கும், தீயைத் தடுக்கப் போன நாமே தீ வைத்தவர்கள் ஆவோம். அப்படி ஆறு நாள் போயிற்று. கிறிஸ்துமஸையும் சேர்த்துத்தான்.

வடக்கிலிருந்து இறங்கி வருகிறோம். வாட்டில் காய்கள் வெடித்து, தடம் முழுக்கக் கறுப்பு விதை. கிரேடர் நின்றதும் ஒரு அமைதி வருகிறது பாருங்கள், வெட்டுக்கிளி சத்தம்கூட தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி. நார்ம் கூண்டுக்குள்ளேயே கண்ணயர்ந்துவிடுகிறார். எழுப்பினால், "தூங்கல, எஞ்சினக் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்கிறார். "எந்தக் காதால?" என்றேன்.

தெற்கு முனை வரை இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. அந்த முனை விண்டன் வேலின் மாக்பை சந்துக்கு மேலே. பிப்ரவரி கடைசியில் முடித்துவிடுவோம், காற்று பொறுத்தால்.

வெர்னா


பெங்குவின்
9 பிப்ரவரி 1995, மாலை

வெர்னா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். தொலைபேசியில் உங்கள் எண்ணைச் சுழற்றினால் ஒரு நீளமான சத்தம் மட்டும் வருகிறது. நீங்கள் வண்டியில் இருப்பீர்கள் என்றும் தெரியும்.

காலையிலேயே வடகாற்று. மூன்று மணிக்கு இங்கே கடற்கரைக்குப் போனேன். நீரிணையின் மேல் தவிட்டு நிறத்தில் ஒரு கரை தெரிந்தது. அந்தத் திசையில் கரை கிடையாது. அது வந்துகொண்டே இருந்தது. முதலில் சூரியன் செம்பாகியது, அப்புறம் ரத்த ஆரஞ்சுப் பழம்போல வெறும் கண்ணால் பார்க்கும்படி ஆகியது. பிறகு அந்த வாசனை. முந்நூறு கிலோமீட்டர் கடல் தாண்டி வந்த யூகலிப்டஸ் புகை. எந்த மேட்டின் மரங்கள் என்று மூக்கு சொல்லிவிடும்போல இருந்தது. கடலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீருக்குள்ளேயே நின்று வடக்கே பார்த்தார்கள், இடுப்பளவு தண்ணீரில், கைகளைத் தொங்கவிட்டு. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ரொட்டிக்கடையில் ரேடியோ. கர்லூ என்று சொன்னார்கள்.

ஐந்து பத்துக்குக் காற்று மாறியது. முதலில் ஒன்றுமே இல்லை, கொடிக்கம்பத்துக் கயிறுகூட ஓய்ந்தது. அப்புறம் தென்மேற்கிலிருந்து, ஈரத்துணி போல, கழுத்தில் பட்டது. கடைக்காரப் பெண் கதவைத் திறந்து வைத்தாள்.

"அப்பாடா, நல்ல காத்து வந்திருச்சு."

திருமதி பெட்டிஃபர் வெளியே நின்று கைகளை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கும் சத்தம். நான் ஒருவன்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே காற்று உங்களிடம் இன்னும் அரை மணியில் வரும். அல்லது வந்துவிட்டது. தெற்கு முனை முடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

முடிந்ததா?

டெஸ்மண்ட் கார்மொடி


கர்லூ மேடு
16 பிப்ரவரி 1995

அன்புள்ள கேப்டன்,

முடியவில்லை. ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர் மீதி இருந்தது.

யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வடக்கே பதினான்கு கிலோமீட்டரில் தொடங்கியது. எப்படி என்று இன்னும் விசாரிக்கிறார்கள். மூன்று மணிக்கு இருட்டிவிட்டது. விண்டன் வேலில் தெருவிளக்குகள் தாமாக எரிந்தன, கோழிகள் அடைந்தன. எங்கள் கடைகளில் டென்னிஸ் பந்து தீர்ந்துபோயிற்று. எல்லோரும் கூரைக் குழாயை அந்தப் பந்தால் அடைத்து, பொறி விழுந்தால் அணையும்படி கூரை விளிம்பில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் காரில் ஏறினார்கள். கார்கள் வரிசையாக, ஹாரன் அடிக்காமல், இறுதி ஊர்வலம் போல இறங்கின. அவர்கள் போன தெருவில் காட்டிலிருந்து கங்காருகள் இறங்கி வந்தன. புல்வெளிகளில் யாரோ நிறுத்த மறந்த தண்ணீர்த் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் போய் நின்றன, முப்பது நாற்பது, குட்டிகளோடு. வண்டி பக்கத்தில் போனபோதும் அசையவில்லை. நாங்களும் விளக்கை அணைத்துக்கொண்டு மெதுவாகப் போனோம்.

மூன்றரைக்குத் தடத்தில் பதினோரு வண்டிகளை நிறுத்தி எதிர்த்தீ வைத்தோம். நீங்கள் சொல்வீர்களே, பெரிய தீ சின்னத் தீயைக் கூப்பிடும் என்று. கூப்பிட்டது. நாங்கள் வைத்த தீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே சாய்ந்து போயிற்று, வீட்டுக்குப் போகும் பிள்ளை மாதிரி. ஐந்து நாற்பதுக்குக் காற்று நின்றது. அந்த ஒரு நிமிடம். சாம்பல் நேர்கீழாக விழுந்தது, பனி விழுவதைப் போல, சத்தமில்லாமல். யாரோ ரேடியோவில் ரகசியம் பேசுவதுபோல, "இப்ப," என்றார்கள். பிறகு வந்தது.

நாலு கிலோமீட்டரும் முந்நூறு மீட்டரும் நின்றது, கேப்டன். முழுப் பக்கமும் திரும்பி, மேட்டின் உயரத்துக்கு எழுந்து வந்து, கறுத்த மண்ணைப் பார்த்தது. சாப்பிட ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

தெற்கு முனையில் தடம் இல்லை, அதனால் எதிர்த்தீ இல்லை. வாட்டில் காடு மட்டும் இருந்தது. மாக்பை சந்தில் ஏழு வீடுகள் போயின. நார்ம் போய் ஏழு கதவையும் உடைக்காத குறையாகத் தட்டி எல்லோரையும் இறக்கிவிட்டிருந்தார். மோர்லாண்ட் கடைசியாக இறங்கினாராம்.

"குளத்துல இறங்கி நிக்கிறேன், போய்யா."

"என்னது? கேக்கல!" என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார் நார்ம். செவிட்டுக் காதைக் காட்டிக்கொண்டு.

மறுநாள் மோர்லாண்டைப் பார்த்தேன். அதே வெள்ளைக் கால்சட்டை, வெள்ளையாக இல்லை. என்னிடம் வந்து, "குளம் இருக்கும்மா. வீடுதான் இல்ல," என்றார். 

வெர்னா


பெங்குவின்
28 பிப்ரவரி 1995

வெர்னா,

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் இருக்கிறது. அளவு சரியாக இருக்கும். முதலில் அதைப் பார்.

நவம்பர் இரண்டாம் தேதி டப்பாவைத் திறந்தேன். சங்கிலியை மேசையில் நீளவாக்கில் வைத்தேன், நீ வெட்டிய கண்ணி ஒரு பக்கம், மற்றவை பூட்டியபடி. என் பித்தளைப் பூட்டு படையின் சிவப்புப் பூட்டின் வளையத்துக்குள் கோத்திருக்க வேண்டும். கோக்கவில்லை. அதைத் தாண்டி நேராகச் சங்கிலிக் கண்ணியில் மாட்டியிருந்தது. சிவப்புப் பூட்டு எதையும் பிடிக்காமல், காதில் தோடு தொங்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றுதான். அப்படி மாட்ட ஒரே ஒரு சாவியால்தான் முடியும். அது என் சட்டைப்பையில் இருந்தது.

தீ வந்த நாளின் காலையை ஒன்பது வருடம் தினமும் நினைத்திருக்கிறேன், அந்த ஒரு நொடியைத் தவிர. கேட்டைச் சாத்தினேன். மேலே வராந்தாவிலிருந்து லோர்னா கையாட்டினாள். காற்று அப்போதே சூடாக இருந்தது, அவள் முடி முகத்தில் பறந்தது. நான் திரும்பிக் கையாட்டினேன். இடது கையால். வலது கை அதுபாட்டுக்குப் பூட்டை மாட்டியது.

அவ்வளவுதான். அதுதான் என் வீடு எரிந்த கதை.

இப்போது இன்னொரு கணக்கு. ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர், நாளைக்கு முந்நூறு மீட்டர்: நான்கு நாள் வேலை, வாரம் இரண்டு நாள் என்றால் இரண்டு வாரம். உண்மை தெரிந்த நாள் நவம்பர் இரண்டு. கையெழுத்திட்ட நாள் இருபத்தொன்று. பத்தொன்பது நாள் அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்திட்டால் ஏன் என்று நீ கேட்பாயே என்று. நீ கேட்கவே இல்லை. செப்டம்பரிலேயே போட்டிருக்கலாம் என்பது வேறு. அப்போது நான் வெறும் பிடிவாதக்காரன். அந்தப் பத்தொன்பது நாள் நான் கோழை. மாக்பை சந்தின் ஏழு வீடும் அந்த நாட்களுக்குள் இருக்கின்றன. அவர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை. லோர்னாவுக்கு இந்தப் படத்தின் பிரதி ஒன்றை அனுப்பினேன். பதில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் உன்னையும் விடுவதாக இல்லை. கேட்டில் இருபத்திரண்டு நிமிடம் நின்றவளுக்கு எந்தப் பூட்டு எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? கூட்டத்தில் "பூட்டு திறக்கல" என்றாய். "உங்க" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். ஒன்பது வருடம் தவறான ஆளை வெறுக்க விட்டுவிட்டாய். இதை நான் எளிதில் மன்னிக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

பித்தளைப் பூட்டைச் சாவியோடு தனிப் பொட்டலத்தில் அனுப்புகிறேன். கேட்டில் புதுச் சங்கிலி போட்டால் அதையும் கோத்துவிடு. நீயே செய். என் கையை நான் நம்பவில்லை.

டெஸ்


கர்லூ மேடு
21 மார்ச் 1995

அன்புள்ள கேப்டன்,

தெரியும். கேட்டில் போய் நின்ற முதல் நிமிடத்திலேயே தெரியும். மீதி இருபத்தொரு நிமிடம் கத்தரி வரும் வரை அந்தப் பித்தளைப் பூட்டைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தேன். அதன் முகத்தில் பார்த்திருப்பீர்களே, நசுங்கல்கள்.

கூட்டத்துக்கு நீங்கள் வந்தபோது இரண்டு காலிலும் வேறு வேறு பூட்ஸ் போட்டிருந்தீர்கள். யாரோ கொடுத்தவை. லோர்னா வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள், ஜன்னலை ஏற்றிவிட்டு. எழுந்து நின்றேன், அந்தச் சொல் வாயில் இருந்தது. உங்கள் பூட்ஸைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வக்கீல் கடிதம் வந்தது. அப்புறம் எனக்கும் கோபம் வந்துவிட்டது, கேப்டன். என்னவோ பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதி இரக்கம், பாதி வீம்பு. அந்த ஆள் தானாகவே ஒரு நாள் டப்பாவைத் திறக்கட்டும் என்று இருந்தேன். நானும் அதைச் செப்டம்பருக்கு முன்பே எழுதியிருந்தால் உங்கள் பத்தொன்பது நாளே இருந்திருக்காது. அதனால் ஏழு வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது. எத்தனை வீடு என்று நீங்கள்தான் கணக்கு வாத்தியார், பிரித்துச் சொல்லுங்கள்.

முதல் மழை பெய்தது. மேடு இன்னும் கறுப்பு. ஆனால் நடந்து போனால் மரங்களின் அடிமரத்திலிருந்தே, கிளைக்குக் காத்திராமல், பச்சை ரோமம் மாதிரித் துளிர்விட்டிருக்கிறது. கறுப்புச் சட்டைக்காரர்கள் பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி. காற்றே இல்லை. என் காலடிச் சாம்பல் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

தெற்கு முனை முடிந்துவிட்டது. தடம் இப்போது மாக்பை சந்து வரை போய், மோர்லாண்டின் வேலியில் முடிகிறது. அவர் குளத்தோரம் ஒரு கேரவனில் குடியிருக்கிறார், குளத்துச் சாம்பலை வடிகட்டிக்கொண்டு. நேற்று எனக்குத் தேநீர் கொடுத்தார். "யார் நிலம்மா இது, இத்தன வருஷமா பூட்டியே வச்சிருந்தாரே?" என்று கேட்டார். "அவரே வந்து சொல்லுவாரு," என்றேன். டாஸ்மேனியாக் கப்பலிலிருந்து இறங்கி வந்தால் நீங்கள் வரும் வழி அவர் வீட்டு வாசல்தான். வேறு வழி கிடையாது, நான் பார்த்துவிட்டேன்.

புதுச் சங்கிலி போட்டாயிற்று. மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. உங்கள் பித்தளைப் பூட்டு வந்து சேர்ந்தது. எண்ணெய் போட்டிருக்கிறேன், திறக்கிறது. மாட்டவில்லை. அது உங்கள் வேலை.

வாருங்கள். நீங்கள் மாட்டுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். மேலேயிருந்து யார் கையாட்டினாலும் திரும்பக் கூடாது.

வெர்னா